லித்தியம் சாப்பிடுகிறவர்கள் உப்பையும் வெயிலையும் ஏன் கவனிக்க வேண்டும்?

ஏப்ரல், மே மாதங்களில் என்னிடம் வருகிற லித்தியம் நோயாளிகளிடம் நான் முதலில் மனநிலையைப் பற்றிக் கேட்பதில்லை. தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள், சாப்பாட்டில் உப்பைக் குறைத்தீர்களா, மூட்டுவலி பல்வலி என்று மெடிக்கலில் ஏதாவது வாங்கிப் போட்டீர்களா என்றுதான் கேட்கிறேன். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவரிடம் உப்பைப் பற்றி என்ன கேள்வி என்று உடன் வந்தவர்கள் யோசிப்பது முகத்தில் தெரியும். ஆனால் லித்தியத்தால் வரும் பெரிய ஆபத்துகளில் பெரும்பாலானவை இந்த மூன்று வழிகளில்தான் வருகின்றன.

லித்தியம், பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோய்க்கான மருந்து. இந்த நோயில் சில வாரங்கள் தூக்கமே தேவைப்படாது. பேச்சும் செலவும் கோபமும் கட்டுக்கு அடங்காது. பிறகு மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாத சோர்வு. இந்த ஏற்ற இறக்கம் திரும்பத் திரும்ப வராமல் தடுப்பதில் இதற்கு ஈடான மருந்துகள் குறைவு. தற்கொலை அபாயத்தைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் உள்ள மிகச் சில மனநல மருந்துகளில் இதுவும் ஒன்று. விலையும் மலிவு. இவ்வளவு நல்ல மருந்தைப் பயத்தினால் மட்டுமே பலர் இழக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், பித்துநிலையில், அதாவது இந்த நோயின் எழுச்சிக் கட்டத்தில், இருந்த பத்துப் பேருக்கு லித்தியம் கொடுத்துக் கிடைத்த பலனை 1949-இல் வெளியிட்டார். அவர்களில் முதலாமவர் ஐந்து ஆண்டுகளாக ஓயாத எழுச்சி நிலையில் இருந்தவர். சில மாதங்களில் தேறி வீட்டுக்குப் போனார். மருந்தை விட்டதும் நோய் திரும்பியது, மறுபடி மருந்து. கடைசியில் 1950-இல் லித்தியம் உடலில் மிகுந்து நஞ்சாகி இறந்தார். இரத்தத்தில் அளவு பார்க்கும் வழக்கம் அன்று இல்லை. அதே சமயத்தில் அமெரிக்காவில், உப்பைக் குறைக்க வேண்டிய இதய நோயாளிகளுக்கு லித்தியம் குளோரைடை மாற்று உப்பாக விற்றார்கள். அதிலும் சிலர் இறந்தார்கள். அந்த நாடு லித்தியத்தை மருந்தாக ஏற்றது 1970-இல்தான்.

உப்பைக் குறைத்தவர்கள் ஏன் அதிகம் பாதிக்கப்பட்டார்கள்? லித்தியம் மூளையில் எப்படி வேலை செய்கிறது என்பதை அறிவியல் இன்னும் முழுதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் சிறுநீரகம் அதை என்ன செய்கிறது என்பது நன்றாகத் தெரியும். சிறுநீரகம் லித்தியத்தையும் உப்பிலுள்ள சோடியத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடத்துகிறது. வெயிலில் வியர்த்தோ வேறு வழியிலோ உடலில் உப்போ தண்ணீரோ குறைந்தால் சோடியத்தை வெளியே விடாமல் இழுத்துப் பிடிக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் சாப்பிடும் மாத்திரை அதே எண்ணிக்கைதான், ஆனால் இரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகும்.

லித்தியம் சாப்பிட்டுப் பல வருடங்கள் நன்றாக இருந்த ஒரு அம்மாவை, "மறுபடி நோய் வந்துவிட்டது டாக்டர், பேச்சே குளறுகிறது" என்று மகன் அழைத்து வந்தார். நடை தள்ளாடியது, கைகள் உதறின, இரண்டு நாளாக வாந்தி. மனநோய் திரும்பினால் இப்படி இருக்காது. விசாரித்ததில், முழங்கால் வலிக்குக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி வாரக்கணக்கில் போட்டிருக்கிறார். போதாக்குறைக்கு நாட்டு மருந்துக்காக உப்பில்லாப் பத்தியம். உடனே லித்தியத்தையும் வலி மாத்திரையையும் நிறுத்தி, மருத்துவமனையில் சேர்த்து, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றித் தேற்றினோம். அளவு மிக அதிகமாக இருந்திருந்தால் டயாலிசிஸ் வரை போயிருக்க வேண்டும்.

டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸன், எட்டோரிகாக்ஸிப் எல்லாமே லித்தியத்தின் அளவை ஏற்றக்கூடியவை. வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். பிரஷர் மாத்திரையிலும் கவனம் வேண்டும். லோசார்டான், டெல்மிசார்டான், எனலாபிரில், சிறுநீரைப் பிரிக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவை அளவைக் கூட்டும். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும் சரி, லித்தியம் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைக்க வேண்டும் என்று தோன்றும், புரிகிறது. ஆனால் இங்கே மறைப்பது உயிருக்கு ஆபத்து.

உப்பை அதிகமாகவும் சேர்க்க வேண்டாம், திடீரென்று குறைக்கவும் வேண்டாம். நேற்றுச் சாப்பிட்ட அளவே இன்றும். வெயிலில் வேலை செய்பவர்களும் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ கையோடு வைத்திருங்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்போ விரதமோ இருக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்தால் அன்றே கூப்பிடுங்கள். பேச்சுக் குளறல், தள்ளாட்டம், பெரிய நடுக்கம், குழப்பம் என்றால் அடுத்த மாத்திரையைப் போடாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சாதாரணப் பக்கவிளைவுகள் வேறு வகை. விரல்களில் லேசான நடுக்கம், தாகம், அடிக்கடி சிறுநீர், கொஞ்சம் எடை கூடுவது. தாகத்துக்குக் குளிர்பானமும் ஜூஸும் குடித்துத்தான் பலருக்கு எடை ஏறுகிறது, தண்ணீரே குடியுங்கள். சிலருக்குத் தைராய்டு குறையும். அதற்கு மாத்திரை இருக்கிறது, லித்தியத்தை விட வேண்டியதில்லை. நீண்ட காலம் எடுப்பவர்களில் சிலருக்குச் சிறுநீரகத்தின் வேலை குறையலாம். இதை நான் ஒளிப்பதில்லை. அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின், தைராய்டு, கால்சியம் பார்க்கச் சொல்கிறோம்.

இரத்தத்தில் லித்தியம் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். வயதானவர்களுக்கு இன்னும் கீழே வைப்போம். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சுக் குறிகள் தொடங்கலாம். குறைந்த அளவிலேயே அவை வருபவர்களும் உண்டு. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

நன்றாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்துபவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம், அதுவும் சீக்கிரமே. நச்சுக் குறி போன்ற அவசரம் இல்லாமல் நிறுத்துவதாக இருந்தால் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் வரை எடுத்துப் படிப்படியாகக் குறைப்போம். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள், நாள் தள்ளிப்போகும் வரை காத்திருக்காமல் திட்டமிடும்போதே வந்து பேசுங்கள். முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் இதயத்துக்குச் சிறிய அளவில் ஆபத்து உண்டு. பயந்து சட்டென்று நிறுத்தினால் தாய்க்கு நோய் திரும்பும் ஆபத்தும் உண்டு. இரண்டையும் எடைபோட்டு, தொடர்வது என்று முடிவானால் இரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்வோம். கர்ப்பத்தில் லித்தியத்தின் அளவு இறங்கும், பிரசவம் ஆனதும் வேகமாக ஏறும் என்பதால் பிரசவ வார்டில் இருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.