புள்ளி போனதா, எழுத்தே போனதா?

கண் தெரியாதவர்கள் கணினியில் தட்டச்சு செய்கிறார்கள் என்றால் இப்போது யாரும் ஆச்சரியப்படுவதில்லை. விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டுவது பெரிய வித்தையும் இல்லை. கண் தெரிந்த டைப்பிஸ்டுகளும் அப்படித்தான் தட்டுகிறார்கள். வித்தை வேறு இடத்தில் இருக்கிறது. ஏற்கெனவே எழுதிவைத்ததைத் திருத்துவது. வரியின் நடுவில் ஓர் எழுத்து தப்பு என்றால் கர்சரை அங்கே கொண்டுபோக வேண்டும். அது அங்கேதான் நிற்கிறது என்பது உறுதியாக வேண்டும். அழித்தால் எது அழிந்தது, எது மிச்சம் என்றும் தெரிய வேண்டும். எல்லாம் காது வழியாக மட்டும்.

மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட், தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர். ஒருகாலத்தில் பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. அங்கே எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. கோயில் நோட்டீஸ், பள்ளிப் பெற்றோர் சங்கக் கடிதம், பழைய தோட்டத்து ஆட்கள் அரசாங்க ஆபீசுக்குக் கொடுக்கும் மனு என்று பாதி ஊரின் எழுத்து வேலை அவர் மடிக்கணினியில்தான் நடக்கிறது. அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் ஸ்பீக்கரில் துண்டு துண்டாக ஏதோ வந்துகொண்டே இருக்கும். "தோ", "ட்", "ட", "ம்", "பிளாங்க்". நமக்கு ஒன்றும் பிடிபடாது. அவருக்கு அதுதான் திரை.

இந்தத் துண்டுகளைச் சொல்வது திரைவாசிப்பான், அதாவது ஸ்கிரீன் ரீடர். அக்கா வைத்திருப்பது என்விடிஏ. பார்வையற்றவரான ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது.

கர்சரை நகர்த்துவது திரைவாசிப்பான் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. வலது அம்புக்குறியைத் தட்டினால் கர்சரை நகர்த்துவது வேர்டோ நோட்பேடோ, நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் செயலிதான். எவ்வளவு தூரம் நகர்த்தும் என்பதும் அந்தச் செயலிக்கே வெளிச்சம். திரைவாசிப்பான் வெறும் சாட்சி. அது செய்வது தோட்டத்துப் பெரட்டு மாதிரி: வேலைக்கு அனுப்பும் முன் ஒருமுறை பெயர் கூப்பிட்டுப் பார்ப்பது, திரும்பி வந்ததும் இன்னொருமுறை கூப்பிட்டுப் பார்ப்பது, வித்தியாசத்தை வைத்து நடந்ததைச் சொல்வது.

என்விடிஏ இதை எப்படிச் செய்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நீங்கள் அம்புக்குறியைத் தட்டியதும் அந்தத் தட்டல் முதலில் அதன் கைக்குத்தான் வருகிறது. உடனே கர்சர் இப்போது எங்கே இருக்கிறது என்று செயலியிடம் கேட்டுக் குறித்துக்கொள்கிறது. அப்புறம்தான் தட்டலைச் செயலிக்கு அனுப்புகிறது. அனுப்பிவிட்டு, "நகர்ந்ததா? நகர்ந்ததா?" என்று சில மில்லி விநாடிக்கு ஒருமுறை மறுபடி மறுபடி விசாரிக்கிறது. இடம் மாறியிருந்தால் புதிய இடத்தில் உள்ள எழுத்தைக் கேட்டு வாங்கிப் பேசும் குரலிடம் ஒப்படைக்கிறது. மாறவே இல்லை என்றால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? அதற்கும் ஒரு கணக்கு உண்டு: 100 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் செயலி கர்சரை நகர்த்தவில்லை என்றால், நிற்கும் இடத்தையே வாசித்துவிடும்.

மெதுவான கணினியில் குரல் எப்போதும் ஓர் எழுத்து பின்தங்கியே வருவது இதனால்தான். கர்சர் போய்ச் சேர்வதற்குள் சாட்சி சொல்லி முடித்துவிடுகிறது. குரல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறவர்கள் உண்டு. அது வீண் வேலை. என்விடிஏவின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் போய் அந்த 100ஐக் கொஞ்சம் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தட்டல் வந்துவிட்டால் என்விடிஏ முந்தையதைக் கைவிட்டுவிடுகிறது. பேசிக்கொண்டிருந்த குரலும் அறுந்துபோகிறது. அக்காவின் ஸ்பீக்கரில் வருவது பாதிப் பாதி எழுத்தாகக் கேட்பது அதனால்தான். முழுசாகக் கேட்கும்வரை அவர் காத்திருப்பதில்லை. பாதியிலேயே புரிந்துகொண்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்.

சரி, நகர்ந்த பிறகு எந்த எழுத்தைச் சொல்வது? இதில் இரண்டு கட்சி இருக்கிறது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துத் திரையில் 25 வரி, வரிக்கு 80 எழுத்து, ஆக 2,000 கட்டங்கள். கர்சர் ஏதாவது ஒரு கட்டத்தில்தான் இருக்கும். அது எந்த எழுத்தின் அடியில் இருக்கிறதோ அந்த எழுத்தைச் சொன்னால் வேலை முடிந்தது. எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்பது வீடியோ நினைவகத்திலேயே கிடக்கும்; எடுத்து வாசித்துக்கொள்ளலாம். விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டரின் நிறுவனம் 1989இல் கொண்டுவந்த ஜாஸ் என்ற திரைவாசிப்பான் அந்தக் காலத்துக் குழந்தைதான். பிறகு விண்டோஸ் வந்தது. கர்சர் ஒரு மெல்லிய கோடாகி இரண்டு எழுத்துக்கு நடுவில் நிற்க ஆரம்பித்தது. இப்போது அது எந்த எழுத்தின் மேல் இருக்கிறது? எதன் மேலும் இல்லை. ஆனாலும் விண்டோஸ் திரைவாசிப்பான்கள் கோட்டுக்கு வலப்பக்கம் உள்ள எழுத்தைச் சொல்கின்றன. ஆப்பிளின் வாய்ஸ்ஓவர் மேக் கணினியில் வேறு வழியில் போனது. கர்சர் தாண்டிய எழுத்தைச் சொல்கிறது.

'தோட்டம்' என்ற சொல்லின் தொடக்கத்தில் கர்சர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வலது அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் மேக் "தோ" என்கும், விண்டோஸ் "ட்" என்கும். இடது பக்கம் திரும்பி வந்தால் இரண்டுமே "தோ" என்கும். வலப்பக்கம் போகும்போது மட்டும் இந்தச் சண்டை. ஒன்றில் பழகியவர் இன்னொன்றுக்கு மாறினால் முதல் சில நாள் தப்பான எழுத்தையே அழித்துக்கொண்டிருப்பார். மேக்கில் இதை விண்டோஸ் பாணிக்கு மாற்றிக்கொள்ள ஓர் அமைப்பு இருக்கிறது. என்னைக் கேட்டால் விண்டோஸ் வழிதான் திருத்துவதற்கு வசதி. சொன்ன எழுத்துக்கு முன்னால்தான் கர்சர் என்று எப்போதும் ஒரே விதியாகப் பிடித்துக்கொள்ளலாம்.

மேலும் கீழும் போனால் கர்சர் போய் நின்ற வரி முழுவதும் வாசிக்கப்படும். கண்ட்ரோலோடு அம்புக்குறி என்றால் ஒரு சொல். காலி வரி என்றால் "பிளாங்க்". ஷிஃப்டை அழுத்திக்கொண்டு நகர்ந்தால் முன்பு தேர்ந்திருந்த பகுதியையும் இப்போதைய பகுதியையும் ஒப்பிட்டு, கூடியதை மட்டும் சொல்லி "செலக்டட்", குறைந்ததை மட்டும் சொல்லி "அன்செலக்டட்". இவற்றில் பெரிய சிக்கல் இல்லை.

சிக்கல் அழிப்பதில் வருகிறது. பேக்ஸ்பேஸ் தட்டினால் அழிந்த எழுத்தைச் சொல்ல வேண்டும். அழிந்த பிறகு கேட்டால் அது அங்கே இருக்காதே? அதனால் அழிக்கும் முன்பே கர்சருக்கு முன்னால் உள்ள எழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தட்டலை அனுப்பி, கர்சர் பின்னால் வந்ததா என்று பார்த்து, வந்திருந்தால் வைத்திருந்ததைச் சொல்கிறது. டிலீட் விசை இன்னும் வேடிக்கை. அதில் எழுத்து அழியும், ஆனால் கர்சர் நின்ற இடத்திலேயே நிற்கும். இடத்தை ஒப்பிட்டால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். அதனால் அங்கே இடத்தோடு கர்சர் நிற்கும் சொல்லையும் முன்னும் பின்னும் ஒப்பிடுகிறார்கள். சொல் மாறியிருந்தால் அழிந்தது நிஜம். உடனே இப்போது கர்சருக்கு நேரே வந்து நிற்கும் புது எழுத்து ஒலிக்கும்.

ஆங்கிலத்தில் இது அநேகமாகப் பிசகாமல் நடக்கும். தமிழில் 'ஓர் எழுத்து' என்பதற்கே கணினிக்குள் இரண்டு அளவு இருக்கிறது. 'தோட்டம்' நமக்கு நான்கு எழுத்து. கணினிகள் எழுத்துக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் ஏழு குறி: த, ோ, ட, புள்ளி, ட, ம, புள்ளி. அம்புக்குறி தட்டினால் செயலி நம் கணக்குப்படி தோ, ட், ட, ம் என்று நான்கு தாவலில் போகும். பேக்ஸ்பேஸ் தட்டினால் பல செயலிகள் குறிக் கணக்குக்கு மாறிவிடும். கடைசியில் நின்று ஒருமுறை தட்டினால் 'ம்' போகாது. புள்ளி மட்டும் போய் 'தோட்டம' என்று நிற்கும். கண் தெரிந்தவருக்கு இது ஒரு வசதிகூட. புள்ளியை எடுத்துவிட்டு வேறு குறி போட்டுக்கொள்ளலாம். சாட்சியின் நிலைமைதான் பாவம். அது முன்கூட்டியே 'கர்சருக்கு முன்னால் உள்ள எழுத்து என்ன' என்று கேட்டு 'ம்' என்று வாங்கி வைத்திருக்கிறது. கர்சரும் பின்னால் வந்துவிட்டது. ஆகவே "ம்" என்று சொல்கிறது. கேட்டவர் 'ம்' முழுசாக அழிந்தது என்று நினைக்கிறார். திரையில் ஒரு 'ம' அநாதையாகக் கிடக்கிறது. அதனால்தான் அக்கா பேக்ஸ்பேஸ் தட்டியதும் ஒருமுறை இடது அம்புக்குறியையும் தட்டிவிடுகிறார். குரல் சொன்னதை அப்படியே நம்புவதில்லை. மிச்சம் என்ன என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறார்.

இன்னொரு கூத்தும் உண்டு. 'தோ'வில் உள்ள ோ ஒரே குறியாகவும் இருக்கலாம், ே, ா என்று இரண்டு குறியாகப் பிரிந்தும் இருக்கலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது. பார்க்கவும் கேட்கவும் ஒன்றுதான். குறிக் கணக்கில் அழிக்கும் செயலியில் முதலாவதை அழித்தால் 'த' மிஞ்சும், இரண்டாவதை அழித்தால் 'தே' மிஞ்சும்.

ஒரே மாதிரி ஒலிக்கும் எழுத்துகள் வேறு இருக்கின்றன. ஒருமுறை கோயில் செயலாளர் கைப்பேசியில் தட்டி அனுப்பிய திருவிழா நோட்டீஸை அக்கா சரிபார்த்துக்கொண்டிருந்தார். 'சந்தனக்காப்பு' வந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"அண்ணே, சந்தனத்துல எந்த ன போட்டீங்க?"

"எல்லாம் ஒண்ணுதானேம்மா?"

ஒன்றில்லை, 'சந்தநக்காப்பு' என்று இருந்தது. குரலுக்கு ந, ன இரண்டும் ஒரே உச்சரிப்பு. கண் சட்டென்று பிடித்துவிடும். காதுக்கு வழியே இல்லை. அக்கா கண்டுபிடித்தது எண்ணை வைத்து. என்விடிஏவில் எண் விசைத்தளத்தின் 2ஐ ஒருமுறை தட்டினால் அந்த எழுத்து, இருமுறை தட்டினால் அதற்கு விளக்கம் இருந்தால் விளக்கம், மூன்றுமுறை தட்டினால் யூனிகோடு எண். ண 2979, ந 2984, ன 2985. இந்த மூன்று எண்களும் அவருக்கு மனப்பாடம். ஆங்கிலத்தில் பி, டி குழப்பத்துக்கு "பிராவோ", "டெல்டா" என்று விளக்கம் வரும். என்விடிஏ 2022.3இலிருந்து அம்புக்குறியில் போகும்போதே கொஞ்சம் தாமதித்து அந்த விளக்கத்தைச் சொல்லவும் வைத்துக்கொள்ளலாம். தமிழுக்குத் தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்த பெயர்களைவிடப் பொருத்தமான விளக்கம் கிடையாது.

தட்டும்போது வரும் எதிரொலி தனிக் கதை. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில விசைகளைத் தட்டத் தட்ட முந்தைய எழுத்து உருமாறிக்கொண்டே போகும்: த், தொ, தோ. விசைக்கு விசை எதிரொலி வைத்தால் காதில் குப்பைதான் சேரும். அக்கா எழுத்து எதிரொலியை அணைத்துவிட்டு, இடைவெளி விசை தட்டியதும் முழுச் சொல்லைச் சொல்லும்படி வைத்திருக்கிறார்.

இத்தனையும் நடக்க ஒரு நிபந்தனை உண்டு. செயலி கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 'கர்சர் எங்கே, முன்னால் என்ன, இந்தச் சொல் எது' என்ற கேள்விகளுக்கு விண்டோஸில் இதற்கென்றே இடைமுகங்கள், அதாவது வாசிப்பானும் செயலியும் பேசிக்கொள்ளும் வழிகள், இருக்கின்றன. 1997இல் மைக்ரோசாஃப்ட் முதலாவதைக் கொண்டுவந்தது. பின்னால் வந்தவை எழுத்துகளைப் பற்றி விரிவாகப் பேசக்கூடியவை. சாதாரண எழுத்துப்பெட்டியை வைத்துச் செயலி செய்தால் இந்தப் பதில்கள் தானாகவே வந்துவிடும். சில நிரலர்கள் அழகுக்காகவும் வேகத்துக்காகவும் எழுத்தையும் கர்சரையும் தாங்களே படமாக வரைகிறார்கள். படத்திடம் கேட்டால் என்ன பதில் வரும்? கூகுள் டாக்ஸ் 2021இல் இப்படி வரையும் முறைக்கு மாறத் தொடங்கியது. அங்கே ஸ்கிரீன் ரீடர் ஆதரவு என்ற அமைப்பை இயக்கிக்கொண்டால் வாசிப்பானுக்கு வேண்டிய செய்தியைத் தனியாகக் கொடுக்கிறார்கள். பெரிய நிறுவனம், ஆள் இருக்கிறது, செய்தார்கள். சின்னச் செயலிகளில் அந்தத் தனி வேலை பெரும்பாலும் நடப்பதில்லை. அம்புக்குறியைத் தட்டினால் கர்சர் நகரும், சாட்சி கேட்கும், பதில் வராது. 100 மில்லி விநாடி கழித்தும் ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது. அக்கா அப்படிப்பட்ட செயலியில் எழுதுவதே இல்லை. நோட்பேடில் எழுதி, திருத்தி, கடைசியில் கொண்டுபோய் அங்கே ஒட்டுகிறார்.