திரிபு: 'உருமாறிய வைரஸ்' என்பதற்குப் பொருத்தமான சொல்

வாடைக்காற்று திரும்பி ஐப்பசி மழை இறங்கினால், தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை வீட்டுக்கு ஒருவராவது இருமிக்கொண்டிருப்பார். தமிழ்நாட்டில் ஃப்ளூ கூடுவதும் இந்த வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான். அந்த நேரம் பார்த்து 'உருமாறிய வைரஸ் பரவுகிறது' என்று செய்தி வந்துவிட்டால், கீழக்கரை மருந்துக் கடைகளில் இப்படித்தான் கேட்பார்கள்: "காக்கா (அண்ணே), வைரஸே மாறிப்போச்சாமே, அப்புறம் ஊசி எதுக்கு?"

கேட்பவர் மேல் குற்றமில்லை. 'உருமாற்றம்' என்ற சொல் அப்படி நினைக்க வைக்கிறது. தலைப்பிரட்டை தவளையாவதை நம் பாடப்புத்தகங்கள் வளர் உருமாற்றம் என்கின்றன. சுண்ணாம்புக்கல் பளிங்கானால் அது உருமாறிய பாறை. பழையது போய் வேறொன்று வந்து நிற்பதுதான் உருமாற்றம். ஃப்ளூ வைரஸில் ஆண்டுதோறும் நடப்பது அவ்வளவு பெரிய மாற்றம் அல்ல.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'ஸ்ட்ரெயின்' பழைய ஆங்கிலத்தில் ஈட்டம், ஈன்றது என்ற பொருள்களில் இருந்த சொல்லிலிருந்து வந்தது. பிறகு குலவழியைக் குறித்தது. இழுத்தல், சிரமம் என்ற பொருளில் வரும் 'ஸ்ட்ரெயின்' வேறு வேரிலிருந்து வந்தது, எழுத்து மட்டும் ஒன்றாகிவிட்டது. ஆக, ஒரே குலத்தில் சற்று விலகிப்போன கிளை என்பதே கருத்து.

நம்மிடம் இதற்கு இலக்கணத்திலேயே ஒரு சொல் உண்டு. தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றையும் நன்னூல் விகாரம் என்கிறது. கடல், கரை இரண்டும் சேர்ந்தால் 'கடற்கரை'. லகரம் றகரமாகத் திரிந்தது. ஆனாலும் பாம்பன் பிள்ளைகள் யாருக்கும் அதற்குள் இருக்கும் கடல் தெரியாமல் போவதில்லை. திரிபு என்றால் இதுதான்: ஓர் இடம் மாறியிருக்கும், மற்றதை வைத்து அடையாளம் காணலாம். பேச்சில் 'பால் திரிஞ்சு போச்சு' என்பதால் சிலர் இந்தச் சொல்லைத் தயங்கலாம், தயங்கத் தேவையில்லை. மரபணுவில் நேரும் மாற்றமான மியூட்டேஷனை இலங்கைத் தமிழில் விகாரம் என்றே எழுதுகிறார்கள். இங்கே விகாரம் என்றால் அவலட்சணம் என்றாகிவிட்டதால், அதற்குப் பாடநூல் தரும் சடுதிமாற்றமே போதும். மரபணுவில் நிகழ்வது சடுதிமாற்றம், அது சேர்ந்து சேர்ந்து உருவாகும் வகை திரிபு என்று பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை.

ஏன் திரிகிறது? ஃப்ளூ வைரஸ் தன் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது பிழை பார்த்துத் திருத்தும் ஏற்பாடு அதனிடம் இல்லை. பிழைகள் தங்கிவிடுகின்றன. மேற்பரப்பில் இருக்கும் ஹீமக்ளூட்டினின் என்ற புரதத்தில் பிழை விழுந்தால், வைரஸைப் பிடிக்க நம் உடல் முன்பே உண்டாக்கிவைத்த எதிர்ப்பொருள்கள் அதைச் சரியாகப் பற்ற முடிவதில்லை. அதனால்தான் உலக சுகாதார அமைப்பு ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், தடுப்பூசியில் எந்தெந்தத் திரிபுகளைச் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. ஊசி தயாராகிவர ஆறு மாதம் போல ஆகும். அந்த இடைவெளியிலும் வைரஸ் திரிந்துகொண்டிருக்கும். கோழிமுட்டையில் வளர்க்கும்போது தடுப்பூசிக்கான வைரஸேகூடச் சற்றுத் திரிவதுண்டு. எச்3என்2 என்ற ஃப்ளூ வகையில் இந்தத் தொல்லை அதிகம்.

சரி, பாதுகாப்பு எவ்வளவு? ஊசியும் ஊரில் சுற்றும் திரிபும் பொருந்திய ஆண்டுகளில், மருத்துவரைப் பார்க்க வைக்கும் அளவு ஃப்ளூ வரும் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. பொருந்தாத ஆண்டுக்கு உதாரணம் 2014-15. எச்3என்2 திரிந்துபோனதால் அங்கே பாதுகாப்பு சுமார் 19 சதவீதமாக இறங்கியது. இறங்கியதே தவிர, இல்லாமல் போகவில்லை. ஒரே ஊசியில் எச்1என்1, எச்3என்2, பி வகை என்று பல இருப்பதால் ஒன்று திரிந்தாலும் மற்றவற்றுக்குக் காவல் உண்டு. திரிந்ததையும் எதிர்ப்பொருள்கள் ஓரளவு பற்றுகின்றன. காய்ச்சல் வந்தாலும் நிமோனியா, மருத்துவமனை என்று போகாமல் பலரைக் காப்பது இந்த அரைகுறைப் பிடிதான். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள் இதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. ஹஜ் போகும் மூத்தவர்களுக்குப் புறப்படும் முன்பே இந்த ஊசி போடுவதும் இதற்காகத்தான். போட்டு இரண்டு வாரம் கழித்தே பலன் முழுதாக வரும். எனவே நம் கரைக்கு மழை தொடங்கும் முன்பே, புரட்டாசி வாக்கில் போட்டுக்கொள்வது நல்லது.

உருமாற்றம் என்று சொல்லத்தக்க ஒன்றும் உண்டு. ஃப்ளூ மரபணு எட்டுத் துண்டுகளாக இருப்பதால், இரண்டு வகை வைரஸ்கள் ஒரே உடலில் நுழைந்தால் துண்டுகளையே மாற்றிக்கொள்ள முடியும். 2009-இல் பன்றிகளிடமிருந்து வந்த எச்1என்1 அப்படிப் பிறந்ததுதான். அதற்கு முந்தைய பருவ ஊசி பெரிதாக உதவவில்லை; புதிதாக ஊசி செய்ய வேண்டியிருந்தது. இதைப் பெருந்திரிபு என்றும், ஆண்டுதோறும் நடப்பதைச் சிறுதிரிபு என்றும் எழுதலாம். செய்தியில் 'புதிய திரிபு' என்று வரும்போது, இந்த இரண்டில் எது என்பதையும் பத்திரிகைகள் சேர்த்தே எழுத வேண்டும்.