பிறர் கட்டிய விமானத்தைப் பேணுவது: நிற்கும் எஞ்சினும் நகரும் எடையும்

தனி ஒருவர் தம் கொட்டகையில் கட்டி முடித்த இலகுரக விமானம் இன்னொருவர் பொறுப்புக்கு மாறும்போது இயந்திரம் முழுமையாக வந்து சேர்கிறது; அதைப் பற்றிய அறிவு அப்படி வந்து சேர்வதில்லை. தொழிற்சாலையில் ஒரே வார்ப்பாக உருவாகும் விமானங்களில் ஒன்றில் தென்படும் குறை மற்ற எல்லாவற்றுக்கும் எச்சரிக்கையாகிவிடும். கையால் கட்டியதிலோ எரிபொருள் குழாய் எவ்வழியே செல்கிறது, மின்கம்பி எங்கே இணைகிறது என்பவை கட்டியவருடைய முடிவுகள். அமெரிக்க விதிகள் இதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொள்கின்றன. விமானத்தின் பெரும்பகுதியைத் தாமே கட்டியவர், அந்த ஒரு விமானத்தின் ஆண்டுச் சோதனையைத் தாமே செய்து கையெழுத்திடுவதற்கான சான்றிதழைப் பெறலாம். அதை வாங்குபவருக்கு அந்தச் சான்றிதழ் மாறாது. அவர் பராமரிப்பு வேலைகளைச் செய்யலாம், ஆனால் ஆண்டுச் சோதனைக்கு அதற்கென உரிய உரிமம் பெற்றவர் வேண்டும். ஆகவே கட்டும்போது எடுத்த படங்களையும் குறிப்பேடுகளையும் திருத்திய வரைபடங்களையும் விலை பேசும்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும். புதிய ரேடியோவை விட அவை மதிப்பு மிக்கவை என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து ஆராய வேண்டியது, விமானம் பறந்த மணிகளை விட அது பறக்காமல் நின்ற மாதங்களைத்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது அதன் ஹைட்ரஜன் ஆக்சிஜனுடன் கூடி ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே நீராவியாக வெளியேறிவிட, மிகச் சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து எஞ்சினின் அடிப்பகுதியில் உள்ள எண்ணெயோடு கலக்கிறது. எண்ணெய் நன்கு சூடானால் இந்த ஈரம் ஆவியாகிக் காற்றுக்குழல் வழியே போய்விடும். சூடாகாவிட்டால் எரிதலின் பிற கழிவுகளோடு சேர்ந்து அமிலமாகி உள்ளேயே தங்கிவிடும். மாதம் ஒருமுறை விமானத்தைத் தரையில் நிறுத்தியபடியே எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டி வைக்கும் வழக்கம் இதனால்தான் தீங்கானது: அது புதிய ஈரத்தைச் சேர்க்கிறது, வெளியேற்றும் அளவுக்கு எண்ணெயைச் சூடாக்குவதில்லை. எண்ணெயின் வெப்பநிலை குறைந்தது 74 டிகிரி செல்சியஸை எட்டும்படி தொடர்ந்து ஒரு மணி நேரமாவது பறப்பதே ஈரத்தைப் போக்கும் வழி.

சிறு விமானங்களில் பரவலாக உள்ள லைகமிங் நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் இந்தச் சேதம் முதலில் தாக்குவது வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டை. அது, பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே அமைந்திருப்பதால், எஞ்சின் நின்ற பிறகு அதன் மீதிருந்த எண்ணெய் வடிந்துவிடுகிறது. வெறுமையான எஃகில் நுண்ணிய துருப்புள்ளிகள் அரும்புகின்றன. எஞ்சினை மீண்டும் இயக்கும்போது வால்வைத் தூக்கும் விசை முழுவதும் அந்தப் புள்ளிகளின் விளிம்பில் குவிய, கடினமாக்கப்பட்ட மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. எண்ணெய் வடிகட்டியை அறுத்து, அதன் மடிப்புத்தாளை வெயிலில் விரித்து, சாய்த்துப் பார்த்தால் ஊசிமுனை அளவில் மின்னும் துகள்கள் புலப்படும். காந்தத்தில் ஒட்டுபவை எஃகு, ஆகவே கேம்ஷாஃப்டையும் அதைச் சார்ந்த உறுப்புகளையும் சந்தேகிக்க வேண்டும்.

உடற்பகுதியில் என்ன தேடுவது என்பது அது எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. அலுமினியத் தகட்டில் தளர்ந்த ரிவெட்டைச் சுற்றி, காற்று வீசும் திசையில் இழுத்தாற்போல் கருஞ்சாம்பல் கோடு படியும்; இரண்டு பரப்புகள் உராய்ந்து உதிர்த்த அலுமினிய ஆக்சைடு அது. பாலியெஸ்டர் துணி போர்த்திய விமானத்துக்குச் சூரியனின் புற ஊதாக் கதிரே பகை, ஆகவே வெள்ளிநிறப் பூச்சு தேய்ந்த இடங்களைப் பார்க்க வேண்டும். மரமானால் பசை இணைப்புகளிலும் நீர் தேங்கும் மூலைகளிலும் கவனம் செல்ல வேண்டும்.

புதிய பொறுப்பாளர் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு வேலையே மிகப் பெரிய ஆபத்தைக் கொண்டுவரலாம்: மறுபடி வண்ணம் பூசுவது. இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஏலரான், வாலில் உள்ள எலிவேட்டர், சுக்கான் ஆகியவை கீல்களில் அசைபவை. அவற்றின் எடைமையம் கீலுக்குப் பின்னால் இருந்தால், இறக்கை ஒரு காற்றுத் துள்ளலில் மேலெழும்போது ஏலரானின் பின்விளிம்பு உடன் எழாமல் கீழே தங்கிவிடும். கீழிறங்கிய ஏலரான் தூக்குவிசையைக் கூட்டுகிறது. இறக்கை இன்னும் எழுகிறது. இறக்கை மீளும்போது அதே நிகழ்ச்சி தலைகீழாக நடக்கும். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல், காற்று ஒவ்வோர் அதிர்விலும் தரும் ஆற்றல் கட்டமைப்பு உறிஞ்சிக்கொள்வதை விட மிகுந்துவிட, சில நொடிகளில் ஏலரான் பிய்ந்து போகக்கூடும். இதைத் தடுக்கவே வடிவமைப்பாளர்கள் பல விமானங்களில் கீலுக்கு முன்னால் ஈயத்தைப் பொருத்துகிறார்கள். அசையும் பரப்பின் பெரும்பகுதி கீலுக்குப் பின்னால் இருப்பதால், பழைய பூச்சின் மேல் பூசும் ஒவ்வொரு படலமும் எடைமையத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வண்ணம் உலர்ந்ததும் ஏலரானைக் கழற்றிக் கீலின் அச்சில் தடையின்றித் தொங்கவிட்டு, பின்விளிம்பு கீழே சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். வடிவமைப்பாளர் அனுமதித்ததைக் காட்டிலும் சாய்ந்தால், பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிடலாம், அல்லது வரைபடம் இடம் தந்தால் முன்பக்க ஈயத்தைக் கூட்டலாம்.