டோனர் காரின் பாகம் வரும், அதன் கணக்கு வராது

உதிரிகளை வைத்து வீட்டிலேயே கிட் கார் கட்டுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் சொல்வார்கள். எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு வேகம் என்று. நான் ஆட்டோமொபைல் பொறியாளர். வீட்டு ஷெட்டில் கட்டிய வண்டிகளைச் சாலைக்குப் போகுமுன் அடியில் படுத்துப் பார்த்துக் கொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. அங்கே எனக்குக் கவலை தருவது எஞ்சின் இல்லை. டோனர் என்று சொல்லும் பழைய காரிலிருந்து கழற்றி, சுத்தம் செய்து, பெயின்ட் அடித்து மாட்டிய நல்ல பாகங்கள்தான்.

நல்ல பாகத்தில் என்ன கவலை? ஒரு காரின் பிரேக் அந்தக் காரின் எடைக்கு அளந்து செய்தது. சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ரேக் அந்தக் காரின் சஸ்பென்ஷன் நீளத்துக்கு அளந்தது. வயரிங் அந்தக் காரின் இரும்பு உடலை நம்பி இழுத்தது. பாகத்தைக் கழற்றலாம், ஆனால் அதைச் சுற்றிப் போட்ட கணக்கு பழைய காரிலேயே நின்றுவிடும். புது வண்டிக்கு அந்தக் கணக்கை நாம்தான் திரும்பப் போட வேண்டும்.

இந்தக் கலைக்கு வயது குறைவில்லை. 1957-இல் வந்த லோட்டஸ் செவன், பிரிட்டனில் முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரியைத் தவிர்க்க உதிரிகளாகவே விற்கப்பட்டது. அமெரிக்காவில் புரூஸ் மேயர்ஸ் 1964-இல் தொடங்கிய மேயர்ஸ் மான்க்ஸ், வோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளத்தைக் குட்டையாக்கி அதன்மேல் கண்ணாடியிழை உடலை வைக்கும் வழியைப் பரப்பியது. இன்று மாஸ்டா எம்எக்ஸ்-5, ஃபோர்டு மஸ்டாங், பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் எல்லாம் டோனராகின்றன. ஃபேக்டரி ஃபைவ் நிறுவனத்தின் 818, சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் முன்னாலிருந்து எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கிறது. அந்த இடமாற்றம் ஒன்றே எடைக் கணக்கை எவ்வளவு புரட்டிப் போடும் என்று யோசித்துப் பாருங்கள்.

டோனரைத் தேடும்போது உடல் துருப்பிடித்திருந்தால் பின்வாங்க வேண்டாம். நமக்கு வேண்டியது எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில், சக்கரம் மாட்டும் ஹப், ரேக், வயரிங். அடிக்கட்டை அரித்துப்போய், மெக்கானிக்கலாக நன்றாக ஓடும் கார்தான் நல்ல டோனர். விபத்தில் அடிபட்ட கார் விலை மலிவாகத் தெரியும். ஆனால் சக்கரத்தில் விழுந்த அடி ஹப்பையும் அதைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்மையும் கண்ணுக்குத் தெரியாமல் வளைத்திருக்கும். அடிபட்ட மூலையிலிருந்து ஒரு சஸ்பென்ஷன் பாகத்தையும் எடுக்காதீர்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரை நான் அறவே வேண்டாம் என்பேன். கனெக்டருக்குள் தொடங்கிய அரிப்பு, வண்டி கட்டி முடித்த பிறகுதான் வெளியே வரும்.

இன்னொன்று, டோனரை ஓட்டிப் பார்க்காமல் கழற்றவே கூடாது. எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். எல்லா கியரும் விழுகிறதா, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா, ஹப்பில் உறுமல் வருகிறதா, சூட்டில் ஆயில் அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். கட்டி முடித்த வண்டியில் ஒரு சத்தம் வந்தால், அது பழைய நோயா நாம் உண்டாக்கியதா என்று சொல்ல அந்தக் குறிப்பு மட்டும்தான் இருக்கும். அப்புறம், புது வண்டி சாலைக்கு வரும்வரை டோனரின் மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். இது எதற்கு என்று தூக்கி எறிந்த பிராக்கெட்டைத் தேடி அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கழற்றும் வேலையில்தான் உயிர் போகும் வாய்ப்பு அதிகம். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஆக்சில் ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படரும்; டேங்கை இறக்கும் நாளில் ஷெட்டில் கிரைண்டரும் ஹீட்டரும் ஓடக் கூடாது. காலி டேங்க் இன்னும் மோசம், உள்ளே இருப்பது முழுக்க ஆவி. ஏர்பேக், மோதலில் சீட் பெல்ட்டை இறுக்கும் பிரிடென்ஷனர் இரண்டிலும் வெடிமருந்து உண்டு. பேட்டரியைக் கழற்றி, அந்தக் காரின் சர்வீஸ் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே தொடுங்கள். ஏசி வாயுவைத் திறந்துவிடாமல் கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்து இறக்குங்கள்.

வெல்டிங் செய்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குளோரின் கலந்த பிரேக் கிளீனரை அடித்த இடத்தில், அது முழுக்க உலராமல் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகலாம். கொஞ்சமே நுரையீரலுக்குள் போனாலும் உயிருக்கு ஆபத்து, மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்துக்கூடத் தொடங்கலாம். குளோரின் இல்லாத கிளீனர் கடையில் கிடைக்கிறது. ஷெட்டில் அது மட்டும் இருந்தால் போதும்.

சரி, இனி பிரேக். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான்.

பிரேக் அடித்ததும் எடை முன்னால் சாயும். எவ்வளவு சாயும் என்பது வண்டியின் எடை, எடைமையத்தின் உயரம், முன்பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஒரு கணக்குக்காக, ஆளோடு 1100 கிலோ டோனரை எடுத்துக்கொள்வோம். நிற்கும்போது எடை முன்னால் 55 சதவீதம், எடைமையம் 55 செ.மீ. உயரம், சக்கர இடைவெளி 260 செ.மீ. புவியீர்ப்பில் 0.8 பங்கு வேகக்குறைப்பில் சுமார் 186 கிலோ முன்னால் போகும். அப்போது முன்சக்கரங்கள் மொத்த எடையில் 72 சதவீதத்தைத் தாங்கும், பின்னால் 28. அந்த காரின் பிரேக் ஏறத்தாழ இந்தப் பங்குக்கு அமைக்கப்பட்டிருக்கும்.

இப்போது அதே பிரேக்கை செவன் மாதிரியான ஒரு வண்டியில் மாட்டுகிறோம். ஆளோடு 650 கிலோ, எடை பாதிக்குப் பாதி, எடைமையம் 45 செ.மீ., இடைவெளி 230 செ.மீ. அதே அடியில் சாய்வது சுமார் 102 கிலோதான். முன்னால் 66, பின்னால் 34. அதாவது பின்சக்கரம் முன்பைவிட அதிக வேலை செய்யத் தயாராக இருக்கிறது, பழைய பிரேக்கோ அதற்கு வேலை தருவதில்லை. முன்சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், அதாவது சுழலாமல் வழுக்கும்; வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும்.

இதுவரை பெரிய ஆபத்தில்லை. முன்சக்கரம் பூட்டினால் ஸ்டியரிங் வேலை செய்யாது, ஆனால் வண்டி நேராகப் போகும். ஆபத்து அடுத்த படியில் வருகிறது. பின்பிரேக் மந்தமாக இருக்கிறது என்று கட்டியவர் டோனரின் பிரஷர் குறைப்பு வால்வைக் கழற்றிவிடுவார். இப்போது பின்பக்கத்துக்கு முழு அழுத்தமும் போகிறது. காலியான சாலையில் லேசாக மிதித்தால் அருமையாக இருக்கும். ஒருநாள் யாராவது குறுக்கே வந்து, பதறி அழுத்தி மிதிக்கும்போது பின்சக்கரம் முதலில் பூட்டும். பூட்டிய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் பிடிப்பே இருக்காது. வண்டி சுழன்றுவிடும், ஓட்டுநர் திருத்துவதற்கு நேரம் கிடைக்காது. பிரிட்டனில் இப்படிக் கட்டிய வண்டிகளுக்கு உள்ள ஐ.வி.ஏ. பரிசோதனையில் பிரேக் சமநிலையை அளந்து பார்ப்பது இதனால்தான். எந்த நாட்டில் இருந்தாலும், பரிசோதனை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்சக்கரம் முதலில் பூட்ட வேண்டும். சரிசெய்யும் வால்வு வைக்கிறீர்களா, உங்கள் வண்டியின் எடையை நான்கு மூலையிலும் அளந்து, கணக்குப் போட்டு, மூடிய இடத்தில் சோதித்து, அப்புறம் அதை அப்படியே பூட்டிவிடுங்கள். ஓட்டும்போது கைக்கு எட்டும் இடத்தில் அது வேண்டாம்.

மிதிக்கு உதவி செய்யும் பிரேக் சர்வோ இன்னொரு விஷயம். இடம் இல்லை என்று பலர் எடுத்துவிடுகிறார்கள். எடை குறைந்த வண்டிக்கு அது சாத்தியம்தான், ஆனால் மிதியை பிரேக் ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விடக் கூடாது. 22 மி.மீ. விட்டத்துக்குப் பதில் 19 மி.மீ. போட்டால் அதே மிதிக்கு அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடும். பெடல் உள்ளே போகும் தூரமும் அதே அளவு கூடும். அந்தத் தூரத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பைப் முனைகளையும் கவனியுங்கள். ஜப்பானிய கார்களில் பெரும்பாலும் இரட்டை மடிப்பு முனை, ஐரோப்பிய கார்களில் பெரும்பாலும் குமிழ் முனை. நட்டின் மரை ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றில் மற்றதை இறுக்கினால் அந்த நேரத்துக்கு ஒழுகாமல் நிற்கும், அழுத்தம் ஏறும்போது விட்டுவிடும்.

மின்சாரத்துக்கு வருவோம். டோனரின் இரும்பு உடல் முழுவதும் ஒரு பெரிய எர்த் கம்பி. விளக்கிலிருந்தும் பம்பிலிருந்தும் மின்சாரம் அந்த உடல் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பியது. உங்கள் வண்டியின் உடல் கண்ணாடியிழை. அதில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுத்து, பெயின்ட் சுரண்டிய சேஸிஸ் புள்ளியில் கட்ட வேண்டும். இதைவிட முக்கியம் எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே தடித்த எர்த் பட்டை. அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் வேறு வழி தேடும். என்னிடம் வந்த ஒரு வண்டியில் அது ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போயிருந்தது. கேபிளின் உறை உருகி உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடும்போது ஒட்டியிருந்தால் த்ராட்டில் திறந்தபடியே நின்றிருக்கும்.

எரிபொருள் பம்பும் அப்படித்தான். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இன் 1.6 லிட்டர் எஞ்சினில் காற்றளவி வழியாகக் காற்று ஓடினால்தான் பம்ப் ஓடும். எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும். பல ஃபோர்டு கார்களில் மோதலின் அதிர்ச்சியில் பம்பை நிறுத்தும் இனெர்ஷியா ஸ்விட்ச் இருக்கும். காற்றளவியைத் தூக்கிவிட்டு வேறு த்ராட்டில் போடுகிறவர்கள், வயரிங்கைக் குறைக்கிறவர்கள் பம்பை நேராக இக்னிஷன் ஸ்விட்சோடு இணைத்துவிடுகிறார்கள். வண்டி ஓடும். ஆனால் கவிழ்ந்து கிடக்கும் வண்டியில், ஹோஸ் அறுந்திருந்தாலும், சாவியைத் திருப்பும்வரை பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். இனெர்ஷியா ஸ்விட்ச் ஒன்றைச் சேர்ப்பது அரைமணி நேர வேலை. ஃப்யூயல் இன்ஜெக்ஷன் எஞ்சினில் அழுத்தம் சுமார் 3 பார். அதற்கென்று குறிப்பிட்ட ஹோஸைத்தான் போட வேண்டும். கார்புரேட்டர் ஹோஸ் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

ஸ்டியரிங்கில் இரண்டே விஷயம் சொல்கிறேன். சஸ்பென்ஷன் ஆர்மும், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும் ஒரே வளைவில் ஏறி இறங்க வேண்டும். ரேக்கின் நீளமோ உயரமோ பொருந்தாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகத் திரும்பும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் மேலும் கீழும் ஆட்டி, திரும்பும் அளவைக் குறித்துப் பாருங்கள், தெரிந்துவிடும். இரண்டாவது, டோனரின் ஸ்டியரிங் தண்டை அறுத்து வெல்டிங் வைத்துக் குட்டையாக்காதீர்கள். மோதலில் மடங்குவதற்கென்று அதில் ஒரு பகுதி இருக்கிறது. நீளம் மாற வேண்டுமானால் அதற்கென்று விற்கும் ஷாஃப்டும் யுனிவர்சல் ஜாயின்ட்டும் வாங்குங்கள்.

சீட் பெல்ட்டை டோனரிலிருந்து எடுக்க வேண்டாம், புதிது வாங்குங்கள். அதன் போல்ட் மெல்லிய தகட்டிலோ கண்ணாடியிழையிலோ அல்லாமல் சேஸிஸில் இறங்க வேண்டும்.

போல்ட்டுகளில் சில ஒரே முறைதான். டோனரின் கையேட்டில் மாற்றச் சொன்ன ஹப் நட்டையும், நீண்டு கொடுக்கும் வகை போல்ட்டையும் திரும்பப் போடாதீர்கள். குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கிய ஒவ்வொன்றின் மேலும் பெயின்ட் கோடு போடுங்கள். கோடு இல்லாத நட்டு இன்னும் இறுக்காத நட்டு. சோர்ந்துபோய்ப் பாதியில் விட்ட மாலை வேலையை மறுநாள் இந்தக் கோடுதான் காட்டிக் கொடுக்கும்.

காகிதங்களை முதல் நாளிலிருந்தே சேருங்கள். டோனரின் பதிவு ஆவணம், சேஸிஸ் எண், எஞ்சின் எண், அவை தெரியும் படங்கள், வாங்கிய ஒவ்வொரு பாகத்தின் ரசீது. வண்டியைப் பதிவு செய்ய முடியுமா, எந்த வகையில் என்பது நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் முடியவே முடியாது. டோனரை வாங்குமுன் இதைப் பதிவு அலுவலகத்திலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

முதல் ஓட்டம் மூடிய இடத்தில், நடை வேகத்தில். பத்து மீட்டர் போய் நில்லுங்கள், திரும்ப வாருங்கள், அடியில் படுத்து ஒழுகலைத் தேடுங்கள். பிறகு கொஞ்சம் வேகம், மறுபடி படுத்துப் பாருங்கள். சக்கர நட்டுகளையும் சஸ்பென்ஷன் போல்ட்டுகளையும் முதல் ஓட்டம் முடிந்தவுடன் ஒருமுறையும், 100 கிலோமீட்டர் தாண்டியதும் ஒருமுறையும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். அந்த இரண்டாவது பரிசோதனையை மட்டும் வேறொருவரிடம் கொடுங்கள். கட்டியவர் கண் தான் செய்த வேலையைச் சரியென்றே பார்க்கும்.