பெங்கோலின் என்கிற அழுங்கு

இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகளுக்கு, விலங்குப் படங்களுக்குத் தமிழ்ப் பெயர் எழுதும் வீட்டுப்பாடம். யானை, உடும்பு, மரநாய் எல்லாம் மளமளவென்று முடிந்தன. உடம்பெல்லாம் செதில் போர்த்திய ஒரு படத்தில் நின்றுவிட்டாள். “அப்பா, பெங்கோலினுக்குத் தமிழ்ல என்ன?” யோசிக்காமல் “எறும்புத்தின்னி” என்றேன். பக்கத்திலேயே நீண்ட மூஞ்சியும் சடைவாலுமாகத் தென்னமெரிக்கப் பிராணி ஒன்று. “அப்போ இது?” அதையும் எறும்புத்தின்னி என்றுதான் சொல்லிப் பழக்கம். மாட்டிக்கொண்டேன்.

பெங்கோலின் என்பது நமக்கு அடுத்த வீட்டுச் சொல். மலாயில் ‘கூலிங்’ என்றால் உருளுதல். கட்டிப்பிடித்துத் தூங்கும் உருளைத் தலையணைக்கு ‘பந்தால் கூலிங்’ என்று பேர். ‘பெங்கூலிங்’ என்றால் சுருண்டு உருள்வது. அது ஐரோப்பியர் வாயில் புகுந்து பெங்கோலின் ஆகி, இங்கேயே திரும்பி வந்திருக்கிறது. இன்று மலாய் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள், ‘தெங்கிலிங்’ என்பார்!

எறும்புத்தின்னி என்ற பெயரில் என்ன சிக்கல்? அது தீனியைச் சொல்கிறது, ஆளைச் சொல்லவில்லை. பல்லில்லாத வாய், நீண்ட நாக்கு, கரையானைத் தோண்டும் நகம் எல்லாம் இரண்டுக்கும் பொதுதான். ஒரே தொழில் செய்ததால் வந்த ஒற்றுமை அது, உறவு இல்லை. பெங்கோலினுக்கு நெருங்கிய சொந்தம் பூனை, நாய், கரடி வகையறா. பாலூட்டிகளில் உண்மையான செதில் உள்ளதும் இது ஒன்றுதான். அந்தச் செதில் நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். 2019 ஏப்ரலில் சிங்கப்பூர் வழியே கடத்தப்பட்ட 25 டன்னுக்கும் மேற்பட்ட செதில்கள் ஒரே வாரத்தில் பிடிபட்டனவே, அதை ‘எறும்புத்தின்னிச் செதில்’ என்றால் தென்னமெரிக்கப் பிராணியை நினைப்பவர் குழம்பத்தான் செய்வார். அதற்குச் செதிலே கிடையாது, முழுக்க முடி.

சரி, நம்மிடம் வேறு பெயர் இல்லையா? இருக்கிறது: அழுங்கு. அலங்கு என்பவர்களும் உண்டு. இலங்கைத் தமிழர் பேச்சில் ‘அழுங்குப்பிடி’ என்று கேட்டிருப்பீர்கள், விடாப்பிடி என்று பொருள். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுவிடும் பிராணியை லேசில் பிரிக்க முடியாது. மலாய்க்காரர் அது உருள்வதைப் பார்த்தார், நம்மவர் அதன் பிடியைப் பார்த்தார்.

தமிழ்நாட்டில் இருப்பது இந்திய அழுங்கு. சிங்கப்பூர்க் காட்டில் இருப்பது சுண்டா அழுங்கு, வாலால் கிளையைப் பற்றி மரமேறும். 2013இல் புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு மேலே விலங்குகள் கடக்கக் கட்டிய ஈக்கோ-லிங்க் பாலத்தில் இது கடந்துபோவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. ஆகவே சுண்டா அழுங்கு என்றே எழுதலாம். எறும்புத்தின்னியை அந்தச் சடைவாலுக்கே விட்டுவிடுவோம்.

மகள் அழுங்கு என்றுதான் எழுதினாள். ஆசிரியர் முதலில் கேள்விக்குறி போட்டு, அப்புறம் அதை அடித்துவிட்டுச் சரி போட்டிருந்தார்.