ஸ்பீசிஸ்: சிற்றினமா, இனமா?

உயிர்களை வகைப்படுத்த உயிரியலில் வழங்கும் ஸ்பீசிஸ் லத்தீன் சொல். ‘பார்த்தல்’ என்று பொருள்படும் ஸ்பெகெரே என்ற வினையடியில் பிறந்தது. கண்ணுக்குத் தெரியும் தோற்றம் என்பதே முதற்பொருள். ‘வகை’ என்ற பொருள் பின்னால் ஏறியது. ஆய்வகத்தில் மாதிரியைச் சொல்லும் ஸ்பெசிமனும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஒருமைக்கும் பன்மைக்கும் ஸ்பீசிஸ் என்றே வரும். ஒருமை என்று எண்ணி ‘ஸ்பீசி’ என வெட்டுவது பிழை.

உயிரியலில் இதன் வரையறை பலமுறை மாறியிருக்கிறது. ஒரே செடியின் விதைகளிலிருந்து முளைத்தவை தமக்குள் எவ்வளவு வேறுபட்டாலும் ஒரே ஸ்பீசிஸ்தான் என்றார் ஆங்கிலேய இயற்கையியலர் ஜான் ரே (1686). பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர் 1942இல் தந்த வரையறையே இன்று பாடநூல்களில் பெரும்பாலும் இருக்கிறது: இயற்கையில் தமக்குள் இனப்பெருக்கம் செய்துகொள்பவை, பிற கூட்டங்களோடு அப்படிக் கலக்காதவை. இதில் ‘இயற்கையில்’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. ஒரே கூண்டில் அடைத்தால் சிங்கமும் புலியும் கலந்து குட்டி ஈனும். அதனால் அவை ஒன்றாகிவிடா. பாலினப்பெருக்கம் இல்லாத பாக்டீரியாவுக்கும் புதைபடிவத்துக்கும் இந்த வரையறை பொருந்தாது. பாக்டீரியாவில் இரு மரபணுத்தொகுதிகளின் சராசரி ஒற்றுமை சுமார் 95 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஒரே ஸ்பீசிஸ் என்று கொள்வது நடைமுறை.

பெயரிடுவதில்தான் தவறுகள் அதிகம். தாவரங்களுக்கு ஸ்வீடன் இயற்கையியலர் லின்னேயஸின் 1753ஆம் ஆண்டு நூலும், விலங்குகளுக்கு அவருடைய ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் 1758ஆம் ஆண்டுப் பதிப்பும் பெயரீட்டின் தொடக்கம். முதலில் பேரினப் பெயர் (பேரினம் என்பது ஜீனஸ், நெருங்கிய ஸ்பீசிஸ்கள் அடங்கும் பிரிவு), அதையடுத்து ஓர் அடைமொழி. இரண்டும் சேர்ந்தால்தான் ஸ்பீசிஸின் பெயர். அடைமொழி மட்டும் எதையும் சுட்டாது. மா மாஞ்சிஃபெரா இண்டிகா, புளி டாமரிண்டஸ் இண்டிகா, வேம்பு அசாடிராக்டா இண்டிகா. வெறும் ‘இண்டிகா’ என்றால் எந்த மரம்?

ரோமன் எழுத்தில் பேரினத்தின் முதலெழுத்து மட்டும் பெரியது. அடைமொழி முழுவதும் சிறிய எழுத்து. அச்சில் சாய்வெழுத்து, கையால் எழுதினால் இரு சொற்களுக்கும் தனித்தனியே அடிக்கோடு. பேரினப் பெயருக்குப் பின் ‘எஸ்பி.’ (sp.) என்றிருந்தால் இன்னதென்று உறுதி செய்யாத ஒன்று, ‘எஸ்பிபி.’ (spp.) என்றால் அப்பேரினத்தில் பல. இவை சாய்வெழுத்தில் வாரா. சூட்டியவர் பெயரைச் சுற்றிய அடைப்புக்குறிக்கும் பொருள் உண்டு. சிங்கத்துக்கு லின்னேயஸ் வைத்த பெயர் ஃபெலிஸ் லியோ. பிறகு பேரினம் மாறியதால் இப்போது பாந்தெரா லியோ (லின்னேயஸ், 1758). அந்தக் குறியை நீக்கினால், பாந்தெராவில் வைத்தவரே அவர் என்று தவறாகப் பொருள்படும்.

தமிழில் என்ன சொல்வது? செய்திகளில் ‘உயிரினம்’ என்று எழுதுகிறார்கள். அது தனியுயிரையும் குறிப்பதால், ‘40 உயிரினங்கள் கிடைத்தன’ என்றால் 40 வகையா, 40 உயிரா என்று புரியாது. இலங்கைப் பாடநூல்களில் ஜீனஸ் ‘சாதி’, ஸ்பீசிஸ் ‘இனம்’. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘பேரினம்’, ‘சிற்றினம்’ என்ற இணை பரவலாக இருக்கிறது.

‘இனம்’ சுருக்கமானது, இயல்பானது. ஆனால் மாட்டிலும் நாயிலும் வளர்ப்பு வகைகளையும் இனம் என்றே சொல்கிறோம். அவையெல்லாம் ஒரே ஸ்பீசிஸுக்குள் அடங்குபவை. இரண்டு நிலைகளுக்கு ஒரே சொல் இருந்தால் அறிவியல் கட்டுரை குழம்பும். ஆகவே சிற்றினமே ஏற்றது. திருக்குறளின் 46ஆம் அதிகாரம் ‘சிற்றினம் சேராமை’; அங்கே அது சிறுமைக் குணத்தாரின் கூட்டம். பழம்பொருள் இழிவானது என்று சிலர் தயங்குவர். பேரினத்தோடு இணையாக வரும்போது அந்தப் பொருள் யாருக்கும் தோன்றாது. பேரினத்தின் உட்பிரிவு என்ற உறவையும் சொல்லே காட்டிவிடுகிறது. அதே வழியில் சப்ஸ்பீசிஸைத் துணைச்சிற்றினம் என்றும், பெயரின் இரண்டாம் சொல்லைச் சிற்றின அடைமொழி என்றும் எழுதலாம். ‘இனம்’ என்ற சொல்லை வளர்ப்பு வகைகளுக்கே ஒதுக்கிவிடலாம்.