‘இன்’ என்று முடியும் பிள்ளைகள்

மார்த்தாண்டத்தை அடுத்த ஓர் ஊரிலிருந்து ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். தம் வகுப்பின் வருகைப் பதிவேட்டை விரித்தால் அஜின், அபின், ஜெபின், லிபின், ஜெரின் என்று பையன்களும், அபிஷா, அஜிஷா, ஜெனிஷா, மோனிஷா என்று பெண் பிள்ளைகளும் வரிசைகட்டி நிற்கிறார்களாம். பெற்றோரை விசாரித்தால், ‘ஆருக்கும் இல்லாத பேராப் பாத்து இட்டோம்’ என்றே ஒவ்வொருவரும் சொல்கிறார்களாம். எவருக்கும் இல்லாத பெயரைத் தேடிப் போனவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது எப்படி, இதற்குச் சினிமாவும் தொலைக்காட்சியும்தான் காரணமா என்பது அவருடைய கேள்வி.

பெயரில் நாகரிகம் புக வேண்டுமானால், முதலில் பெயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோரிடம் இருக்க வேண்டும். குமரி மாவட்டத்தில் அந்த உரிமை எளிதில் வந்துவிடவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே அய்யாவழி என்ற சமயநெறியைத் தொடங்கிய அய்யா வைகுண்டருக்குப் பெற்றோர் முதலில் இட்ட ‘முடிசூடும் பெருமாள்’ என்ற பெயரை ஆதிக்கச் சாதியினர் எதிர்த்ததால் அது முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டதாக அய்யாவழி மரபு கூறுகிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கும் பாட்டி பெயரைப் பேத்திக்கும் இடுவது பல குடும்பங்களில் கட்டாயம்போலவே இருந்தது. கத்தோலிக்கரைப் பொறுத்தவரை, 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, பெற்றோர் வேறு பெயர் கேட்டாலும் புனிதர் ஒருவரின் பெயரையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுதுமாறு பங்குத்தந்தையைப் பணித்தது. 1983-இல் வந்த புதிய தொகுப்போ, பெயர் கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமாக இல்லாதிருந்தால் போதும் என்று தளர்த்திக்கொண்டது. இத்தகைய பிடிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்த பின்னரே, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரும் திரையில் கேட்ட பெயரும் நம் வீட்டுத் தொட்டில்வரை வந்தன.

உரிமை கைக்கு வந்ததும் மனிதர்கள் பெரும்பாலும் செய்வது பார்த்து எழுதுவதுதான். 100 சீட்டுகளில் 100 வெவ்வேறு பெயர்களை எழுதி ஒரு பானையில் போடுங்கள். ஒரு சீட்டை எடுத்து, அதிலுள்ள பெயரைப் புதிய சீட்டொன்றில் எழுதி வைத்துக்கொண்டு, எடுத்த சீட்டைத் திரும்பப் பானையிலேயே போட்டுக் குலுக்குங்கள். இவ்வாறு 100 முறை செய்தால் அடுத்த தலைமுறைக்கான 100 சீட்டுகள் கிடைக்கும். ஒரு குறிப்பிட்ட பெயர் ஒருமுறைகூடக் கைக்கு வராமல் போவதற்கான நிகழ்தகவு, 0.99 என்ற எண்ணை 100 முறை பெருக்கக் கிடைப்பது, அதாவது சுமார் 0.37. ஆகவே முதல் சுற்றிலேயே ஏறத்தாழ 37 பெயர்கள் எந்தக் குற்றமும் செய்யாமல் மறைந்துவிடும்; இரண்டாம் சுற்றின் முடிவில் பாதிக்கு மேல் போயிருக்கும்; இப்படியே தொடர்ந்தால் சராசரியாக 200 சுற்றுகளில் ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சும். மிஞ்சிய பெயர் அழகானதும் அன்று, ராசியானதும் அன்று. ஒவ்வொரு சுற்றிலும் ஓரிரு சீட்டுகளில் மட்டும் முற்றிலும் புதிய பெயரை எழுதிச் சேர்த்தால், சில பெயர்கள் மிகுதியாகவும் மிகப் பல பெயர்கள் அரிதாகவும் இருக்கும் ஒரு நிலை உருவாகி, யார் முன்னணியில் என்பது மாறிக்கொண்டே இருந்தாலும் அந்த விகிதம் மட்டும் ஏறக்குறைய மாறாமல் நீடிக்கும்.

இது வெறும் விளையாட்டுக் கணக்கு அன்று. குடும்பப் பெயர்கள் ஏன் அற்றுப்போகின்றன என்று 1873-இல் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன் எழுப்பிய கேள்வியிலிருந்து வளர்ந்த கணிதம், பிற்பாடு மரபணுக்கள் தற்செயலாகப் பரவுவதையும் மறைவதையும் விளக்கப் பயன்பட்டது. 2003-இல் மேத்யூ ஹானும் அலெக்சாண்டர் பென்ட்லியும் அதே கணிதத்தைத் திரும்பப் பெயர்களிடமே கொண்டுவந்து, 20-ஆம் நூற்றாண்டின் அமெரிக்கக் குழந்தைப் பெயர்களின் பரவலுடன் இந்தத் தற்செயல் நகலெடுப்பு நன்கு பொருந்துவதைக் காட்டினார்கள்.

ஆனால் பானைக் கணக்கில், ஒரு பெயர் முழுதாக நகலெடுக்கப்படும் அல்லது முழுதாக விடப்படும். மார்த்தாண்டத்துப் பதிவேட்டில் நடந்திருப்பது வேறு. அங்கே பெயர் துண்டாகிறது. வால் மட்டும் நகலாகிறது, தலை புதிதாகிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அடிக்கடி கேட்ட ஒன்று, கேட்ட காரணத்தாலேயே இனிமையாகத் தோன்றும் என்பது 1968 முதல் உளவியலில் பலமுறை சோதிக்கப்பட்ட உண்மை. அளவுக்கு மிஞ்சிக் கேட்டதோ சலிக்கும். பெற்றோருக்கு வேண்டியது காதுக்குப் பழக்கமானதாகவும் பதிவேட்டுக்குப் புதியதாகவும் உள்ள பெயர். முழுப் பெயரால் இரண்டையும் ஒருங்கே தர இயலாது, ஒலித்துண்டுகளால் இயலும். ‘இன்’ என்ற ஈறு பழக்கத்தைத் தருகிறது, அதன் முன் வந்து ஒட்டும் ‘ஜெப்’, ‘லிப்’, ‘சோப்’ என்ற ஒலி புதுமையைத் தருகிறது. அஜின் ஒருவன் தெருவில் இருந்தால் அடுத்த வீட்டுக்காரர் அஜின் என்று வைக்கக் கூச்சப்படுவார். அபின் என்று வைக்கக் கூசமாட்டார். இப்படி ஒவ்வொரு குடும்பமும் தனித்துவத்தைத் தேடி எடுத்துவைக்கும் அடியே அந்த ஈற்றை மேலும் ஒரு காதுக்குப் பழக்கப்படுத்திவிடுகிறது.

இதைச் சோதிப்பது கடினம், ஏனெனில் ஓர் ஒலி பரவியதால் பெயர்கள் பெருகினவா, பெயர்கள் பெருகியதால் ஒலி பரவியதா என்று பிரித்தறிய முடியாது. ஜோனா பெர்கரும் உடனாய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புயல்களைத் துணைக்கு அழைத்தது. அட்லாண்டிக் புயல்களுக்கான பெயர்ப் பட்டியல் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது; எந்தப் பெயர் பெரும் நாசம் செய்யும் புயலுக்கு வாய்க்கும் என்பது பெற்றோரின் ரசனைக்குத் தொடர்பற்றது. 2005-இல் கத்ரீனா புயல் அடித்த பின்பு அமெரிக்கச் செய்திகள் முழுதும் அந்தப் பெயரே ஒலித்தது. கத்ரீனா என்ற பெயரைப் பெற்றோர் தவிர்த்தார்கள். ஆனால் ‘க’ ஒலியில் தொடங்கும் பிற பெயர்கள் கூடின. சொல் வெறுக்கப்பட்டபோதும் ஒலி உள்ளே நுழைந்துவிட்டது. 2017-இல் ஒக்கியைச் சந்தித்த கடற்கரைக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் இன்றும் வயிறு கலங்கும். அதிலுள்ள ஒலிகளை எந்தக் காதாலும் விலக்கிவைக்க முடியாது.

நம் ‘இன்’ எங்கிருந்து வந்தது? ஒரே ஊற்று இருக்க வேண்டும் என்பதில்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த மாவட்டம் இது. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மலையாளப் படங்களும் தொலைக்காட்சியும் இன்றும் வீட்டுப் பேச்சின் ஒரு பகுதி. பிஜு, ஷாஜி, ஷிபு, பினு என்ற ஈரசைப் பெயர்கள் அந்தப் பக்கத்துக் காற்றில் வந்தவை. கிரிக்கெட் இன்னொரு வாசல். சச்சின் டெண்டுல்கருக்கு அந்தப் பெயரை அவருடைய தந்தை, தமக்குப் பிடித்த இசையமைப்பாளர் சச்சின் தேவ் பர்மனை எண்ணி வைத்தார். பின்னர் டெண்டுல்கரை எண்ணி நாடெங்கும் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். அமெரிக்காவிலும் எய்டன், ஜெய்டன், பிரெய்டன் என்று ‘ன்’ ஈறு பெருகி, அண்மைக் காலத்தில் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெயர் அவ்வாறு முடிந்திருக்கிறது. இந்து வீடுகளில் இந்த ஏற்பாடு இன்னும் நேர்த்தியாக ஓடுகிறது: அசுவினியில் பிறந்தால் சு, சே, சோ, லா என்று பஞ்சாங்கம் முதலெழுத்தைக் கொடுத்துவிடுவதால், மிச்சத்தை நாகரிகம் நிரப்பிக்கொள்கிறது. தலை பஞ்சாங்கத்துக்கு, வால் தொலைக்காட்சிக்கு.

அப்படியானால் சினிமாவின் பங்கு என்ன? கட்டுமரத்தைக் கடலில் இறக்குபவர் அலையை உண்டாக்குவதில்லை. அலை திரும்பும் கணம் பார்த்துத் தள்ளுகிறார். பெரும்பாலான படப் பெயர்களும் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கும் ஒலியின்மேல் ஏறித்தான் ஓடுகின்றன என்பது, பெயர்களின் சமூகவியலை விரிவாக ஆராய்ந்த ஸ்டான்லி லீபர்சனின் முடிவு. எப்போதாவது தள்ளு மிகப் பலமாக இருந்துவிடும். 1991-இல் ஜெர்மனியில் ஆண் குழந்தைப் பெயர்களில் கெவின் முதலிடம் பிடித்தது. கெவின் என்ற சிறுவனை நாயகனாகக் கொண்ட ஹாலிவுட் படமும் நடிகர் கெவின் காஸ்ட்னரின் புகழும் அப்போதுதான் உச்சத்தில் இருந்தன. விரைவிலேயே அது கேலிக்குரிய பெயராயிற்று. 2009-இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வொன்று, தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கெவின் என்ற பெயரைக் கேட்டதுமே பையனைக் குறைவாக எடைபோடுவதை வெளிக்கொணர்ந்தது. அதே ஆண்டில் பெர்கரும் லெ மான்ஸும் பிரான்சு, அமெரிக்க நாடுகளின் நூறாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து, வேகமாக ஏறிய பெயர்கள் வேகமாகவே இறங்குவதைக் கண்டார்கள். திடீரென ஏறும் பெயரைப் பார்க்கும் பெற்றோர், ‘இது நிலைக்காது’ என்று அஞ்சி ஒதுங்குவதே காரணம்.

எண்கணித ஜோதிடத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தைக் கூட்டி அதிர்ஷ்டத்தை வரவழைக்கிறோம் என்று காசு வாங்குகிறார்கள். காது அந்த எழுத்தைக் கேட்பதேயில்லை. கூப்பிடும் ஒலியில் மாற்றமில்லை. மாறுவது ஆதாரும் கடவுச்சீட்டும் மட்டுமே. வளைகுடா வேலைக்குக் கிளம்பும் பையன், இரண்டு ஆவணங்களில் இரண்டு விதமாகத் தன் பெயர் கிடப்பதைக் கண்டு வாக்குமூலப் பத்திரத்தோடு அலைவதை இந்த மாவட்டத்தில் யார்தான் பார்த்ததில்லை? அந்தக் காசில் நூறில் ஒரு பங்கு ஆராய்ச்சிக்கு வந்தால் போதும். அமெரிக்கா 1880 முதலான பிறப்புகளுக்கு, ஓராண்டில் குறைந்தது 5 குழந்தைகளுக்கு இடப்பட்ட ஒவ்வொரு பெயரையும் எண்ணிக்கையோடு வெளியிடுகிறது. தனிமனிதர் எவரும் அதில் வெளிப்படுவதில்லை. நம்மிடம் 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் இருக்கிறது, கணினியில் பதிவுகளும் இருக்கின்றன. வெறும் எண்ணிக்கையைத் திறந்துவிட்டால், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்து மாணவர்களே ‘இன்’ ஈறு மேற்கே கேரள எல்லையிலுள்ள விளவங்கோட்டில் தொடங்கிக் கிழக்கே தோவாளைக்குப் போனதா, எதிர்த்திசையில் வந்ததா என்று ஆண்டுவாரியாகக் காட்டிவிடுவார்கள்.

அடுத்து என்ன பெயர் வரும் என்றும் அந்த ஆசிரியை கேட்டிருக்கிறார். பெற்றோர் தலைமுறையின் பெயர்கள் பழசாக ஒலிக்கும், தாத்தா தலைமுறையின் பெயர்கள் முதுமையாக ஒலிக்கும். அதற்கும் முந்தியவற்றைத் தாங்கியவர்கள் உயிரோடு இல்லாததால் அவை திரும்பப் புதிதாகின்றன. மேல்நாடுகளில் ஏறத்தாழ மூன்று, நான்கு தலைமுறைக்கு ஒருமுறை பழம்பெயர்கள் மீண்டிருக்கின்றன. என் ஊகம், நேசமணி, ஞானமுத்து, தங்கம்மை முதலியவையும் நம்மிடம் திரும்பும். ஆனால் முழுதாக அல்ல. அன்றைக்கு எந்த ஈறு ஓடுகிறதோ அதற்கேற்ப வெட்டப்பட்டு, நேசின் என்றோ ஞானிஷா என்றோ பதிவேட்டில் ஏறும்; அந்தப் பெற்றோரும் ஆருக்கும் இல்லாத பெயர் என்றுதான் சொல்லுவார்கள்.